ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்தது தூசி அல்ல

எங்கள் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. ஓய்வுபெற்ற மூத்த தொழிலாளி என்கிற முறையில் என்னிடமும் ஒரு அனுபவக் கட்டுரை கேட்டார்கள். செயலாளர் தம்பி வீட்டுக்கே வந்து காபி குடித்துவிட்டு, கார் ஆடியோ வேலை பார்க்கிற இளைஞர்களுக்குப் பயன்படுகிற மாதிரி எழுதச் சொன்னார். "சண்டை சச்சரவு எதுவும் வேண்டாங்க ஐயா, நாலு டிப்ஸ் இருந்தாப் போதும்," என்றார். நானும் ஒப்புக்கொண்டு முதல் பக்கத்தை எழுதிவிட்டேன். மறுநாள் விழா அழைப்பிதழ் தபாலில் வந்தது. மலரை வெளியிட்டு எங்களுக்குச் சால்வை போர்த்தப்போகிறவர் யார் என்று பார்த்தேன். எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அழைப்பிதழில் அரைப் பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். கடைமடைப் பக்கம் ஒரு பெரிய பண்ணை வீட்டின் இளைய பிள்ளை. ஆட்சி மாறும்போதெல்லாம் அந்த வீட்டு வேட்டியின் கரை மாறும், வீடு மட்டும் மாறாது. அவருடைய வண்டியில் நான் பார்த்த ஒரு பழுதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டிப்ஸும் உண்டு, கவலைப்பட வேண்டாம்.

நான் தொழில் கற்றதை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் ஒரு டைனமோ பட்டறையில் காயில் சுற்றினேன். பிறகு நெல் லாரிகளுக்கு ஹாரன், லைட், வயரிங் என்று ஏழெட்டு வருடம் போயிற்று. கார்களில் டேப் ரெக்கார்டர் வந்து, பின்னால் பெரிய பெட்டி வைத்து நெஞ்சை உதைக்கிற மாதிரி பாட்டு வைப்பது மோஸ்தரான சமயத்தில், மன்னார்குடியில் ஹமீது பாய் கடையில் சேர்ந்தேன். அங்கே பதினெட்டு வருடம் இருந்தேன்.

பாய் முத்துப்பேட்டைக்காரர். துபாயில் கார்களுக்கு ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் பொருத்திப் பழகிவிட்டு ஊர் திரும்பியவர். யாரையும் திட்டமாட்டார். வேலையாட்களையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். ஆனால் ஒரு வண்டி வந்தவுடனே நாம் ஸ்க்ரூடிரைவரை எடுத்தோம் என்றால், எழுந்து வந்து அதை நம் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்வார். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். இரைச்சல் இன்ஜின் ஓடும்போது மட்டும் வருகிறதா, நின்றாலும் வருகிறதா? ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறுகிறதா? பாட்டு நிற்கும்போது சட்டென்று நிற்கிறதா, தேய்ந்து நிற்கிறதா? இவ்வளவும் அட்டையில் எழுதிய பிறகுதான் மீட்டரைத் தொடலாம்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனமான மஞ்சள் அட்டை. குறை என்ன, வண்டிக்காரர் என்ன சொன்னார், கடைசியாக வண்டியில் என்ன ஏற்றினார்கள், நாம் என்ன அளந்தோம், காரணம் என்ன என்று வரிசையாகக் கோடு போட்டிருக்கும். கீழே வண்டிக்காரர் கையெழுத்துக்கு இடம். வண்டியிலிருந்து நாம் எதைக் கழற்றினாலும், எரிந்த ஃப்யூஸ் ஆனாலும் எலி கடித்த வயர் ஆனாலும், ஒரு காகித உறையில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். கழற்றியது அவருக்குச் சொந்தம், நாம் பொய் சொல்லவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி என்பார் பாய்.

ஒருமுறை திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பம் ஒன்று வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் விசில் சத்தம். வழியில் இரண்டு கடைகளில் ஆம்ப்ளிஃபயரையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு வருகிற ஒயரையும் பேட்டரியிலிருந்து கரண்ட் வருகிற ஒயரையும் ஒரே பக்கமாக ஒன்றாகக் கட்டி இழுத்திருந்ததுதான் வினை. பாட்டு ஒயரை மறுபக்கம் கொண்டுபோனேன், விசில் நின்றது. வெட்டி எடுத்த பழைய கட்டுகளை உறையில் போட்டுக் கொடுத்தபோது அந்த அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். அந்த மாதிரி நாட்களில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எங்கள் கடையில் பொய் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பாய்க்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. தூசி. காரணம் என்கிற இடத்தில் யாராவது தூசி அடைப்பு என்று எழுதினால் அட்டையைத் திருப்பித் தந்துவிடுவார். "கண்டுபிடிக்கத் தெரியாதவன் வைக்கிற பேருங்க அது," என்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் என்னோடு வேலை பார்த்தவன் வீரையன். முப்பது வயதிருக்கும். ஒயரிங்கில் என்னைவிடச் சுத்தமான கை என்று நானே சொல்வேன். சின்னவரின் பண்ணை இருந்த அதே ஊரில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கூலித் தெருவில் அவன் வீடு. அவன் அப்பாவும் இன்னும் ஐந்து குடும்பமும் கோயில் நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வந்தார்கள். கடைமடையில் கடல் தண்ணீர் ஏறி உப்பரித்த நிலம். வெள்ளை நெல் அங்கே நிற்காது. உமி கறுத்து, அரிசி சிவந்திருக்கும் பழைய நெல் ஒன்றை அவர்கள் மட்டும் விடாமல் விதைத்தார்கள். கருநெல் என்று சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு எவர் வயலிலும் அது கிடையாது.

அந்த நிலத்தின் மேல் பண்ணைக்குக் கண். சின்னவரின் அப்பாதான் கோயில் தர்மகர்த்தா. குத்தகைப் பதிவே சரியில்லை, இவர்கள் சாகுபடிதாரர்களே இல்லை என்று வழக்குப் போட்டார். அந்த வருடம் தை பிறப்பதற்கு முன்பே ஒரு பக்கம் அறுத்து அடித்துக் களத்தில் குவித்திருந்தார்கள். இருபது மூட்டைக்கு மேல் இராது. தாசில்தார் வந்து அளக்கும்வரை இரண்டு தரப்பும் குவியலைத் தொடக்கூடாது, தொட்டவர்கள் உரிமையை இழப்பார்கள் என்று உத்தரவு. குவியலின் மேல் சாம்பலால் குறி போட்டுத் தலையாரியைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் தலையாரி தன் மாட்டைக் குளிப்பாட்ட வீட்டுக்குப் போனார். தெருவே வீட்டு வாசல்களில் மாடுகளோடு இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் களம் துடைத்துவிட்டதுபோல் கிடக்கிறது. குத்தகைக்காரர்கள் பசி பொறுக்காமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அன்று மாலையே பண்ணையிலிருந்து போலீசில் மனு. ஆறு குடும்பத்து ஆண்கள் மேலும் வழக்கு. ரோட்டில் டிராக்டரோ மாட்டு வண்டியோ போனதை யாரும் பார்க்கவில்லை. அப்படியானால் தலைச்சுமையாகத் தெருவுக்குள்தான் போயிருக்க வேண்டும் என்று போலீஸ் சொன்னது. வீரையன் ஒரு வாரம் கடைக்கு வரவில்லை. வந்தபோது முகம் கறுத்திருந்தது. தாசில்தார் விசாரணைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை என்று மட்டும் என்னிடம் சொன்னான்.

சின்னவர் அப்போது புதிதாக ஒரு வெள்ளை வண்டி வாங்கியிருந்தார். எட்டுப் பேர் உட்காரலாம். மார்கழியில் நம் கடைக்குக் கொண்டு வந்து பன்னிரண்டு அங்குல சப்வூஃபரும் பெரிய ஆம்ப்ளிஃபயரும் பொருத்திக்கொண்டார். பொருத்தியவன் வீரையன். பின் சீட்டுக்குக் கீழே தரையில் ஆம்ப்ளிஃபயரை முடுக்கி, அதற்கு மேலே காற்றுப் போக நான்கு விரற்கடை இடம் விட்டிருந்தான். அதன் மேல் எதையும் வைக்கக்கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தான். சின்னவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் அவர்கள் கட்சியின் தெருமுனைக் கூட்டம். மாவட்டத்திலிருந்து பெரிய ஆட்கள் வந்திருக்கிறார்கள். உழுகிறவனுக்கே நிலம் என்று தலைவர் பேசிய பேச்சை ஒலிநாடாவில் போட்டுக்கொண்டு சின்னவரின் வண்டி ஊர்வலத்துக்கு முன்னால் போகிறது. பேச்சு பாதியில் சட்டென்று நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்துத் தானே உயிர் வந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சின்னவர் அந்த வண்டியில் நான்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மறுநாள் காலை நேராக எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்.

வேண்டுமென்றே கோளாறாகப் பொருத்தியிருக்கிறான், வண்டி தீப்பிடித்து நாங்கள் சாக வேண்டும் என்று செய்திருக்கிறான், நிலத் தகராறில் பழி வாங்குகிறான் என்பது அவர் குற்றச்சாட்டு. போலீசில் கொடுக்கக் கடையின் சார்பில் அப்படி எழுதித் தரவேண்டும் என்றார். வீரையன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவர் கேட்டபடி நாங்கள் எழுதிக் கொடுத்தால் அவன் அன்று மத்தியானமே உள்ளே போய்விடுவான். அவன் அப்பாவின் வழக்கும் அதோடு முடிந்துவிடும். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும்.

பாய் எழுந்திருக்கவில்லை. "பார்த்துட்டு எழுதுவோம். தங்கராசு, நீங்க பாருங்க," என்றார். அட்டையை நான் எடுத்தேன்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். கடைசியாக வண்டியில் என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டதும் சின்னவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த வண்டியில ஆளத் தவிர எதையும் ஏத்துனதில்ல. நெல்லு ஏத்த எங்கிட்ட டிராக்டர் இல்லையா?"

நான் நெல் என்று சொல்லவே இல்லை. அவர் சொன்னதை அப்படியே அட்டையில் எழுதிக்கொண்டேன்.

இனி வேலை. சாவியைப் போட்டுப் பாட்டை வைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் சுத்தமாக இருந்தது, இரைச்சல் இல்லை. நாலாவது நிமிடம் சட்டென்று நின்றது. ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானே நின்றுகொள்கிறது என்று அர்த்தம். ஷார்ட் இருந்தாலும் நிற்கும், எர்த் சரியில்லாவிட்டாலும் நிற்கும், சூடேறினாலும் நிற்கும். அவசரக்காரன் இந்த இடத்தில் பெட்டியை மாற்றிவிடுவான்.

முதலில் எர்த் பார்த்தேன். வீரையனைக் குற்றம் சொல்ல ஏதாவது இருந்தால் அங்கேதான் இருக்கும். பாட்டைச் சத்தமாக வைத்து, மீட்டரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். நாற்பது மில்லிவோல்ட். இது குறையக் குறைய எர்த் நல்லது; இவ்வளவு குறைவாக நான் பொருத்தின வண்டியிலேயே வந்ததில்லை. தரையில் முடுக்கின போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், பெயிண்ட்டைத் தகரம் பளபளக்கும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு, துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவியிருந்தான். பேட்டரிப் பக்கம் ஃப்யூஸ் ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தது. ஒயர் போகிற ஓட்டையில் ரப்பர் வளையம் இருந்தது. ஸ்பீக்கர் காயிலை அளந்தேன், சரியாக இருந்தது. எங்கேயும் ஷார்ட் இல்லை.

அடுத்து சூடு. கடை மேசை விசிறியைக் கொண்டு வந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேராக வைத்து மறுபடி பாட்டைப் போட்டேன். பதினைந்து நிமிடம் நிற்கவே இல்லை. விசிறியை நிறுத்தினேன், ஐந்து நிமிடத்தில் சிவப்பு. காற்றுப் போகவில்லை, அவ்வளவுதான் சங்கதி. ஏன் போகவில்லை என்று பார்க்க ஆம்ப்ளிஃபயரை மேசைக்குக் கொண்டு வந்து அடிமூடியைத் திறந்தேன்.

உள்ளே நெல் இருந்தது. மேல் பக்கக் காற்றுத் துளைகள் வழியாக விழுந்து, உள்விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே இறுகிப் போயிருந்தது. வைக்கோல் துணுக்கும் இருந்தது. ஈர நெல் போலிருக்கிறது, விசிறியோரத்தில் இருந்தவற்றில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. முள் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் போட்டேன். அரைக் கைப்பிடி சேர்ந்தது. எல்லாம் கறுப்பு.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. களத்தில் இருந்த குவியல் டிராக்டரில் போகவில்லை, தலைச்சுமையிலும் போகவில்லை. இந்த வெள்ளை வண்டியில் சீட்டை மடக்கி மூட்டை மூட்டையாகப் போயிருக்கிறது. பட்டப்பகலில், பாட்டை அலறவிட்டுக்கொண்டு. மாட்டுப் பொங்கலன்று பாட்டுப் போட்டுக்கொண்டு பண்ணை வண்டி போனால் எவன் எட்டிப் பார்ப்பான்? யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று வைத்த அந்தப் பாட்டினால்தான், மூட்டைகளுக்கு அடியில் மூச்சு விட இடமில்லாமல் ஆம்ப்ளிஃபயர் வெந்திருக்கிறது. களவுக்குப் போகிறவன் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு போனான், ஸ்பீக்கரே காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

வீரையன் சுவரோரத்திலிருந்து வந்தான். யாரையும் கேட்காமல் தாளிலிருந்து ஒரு நெல்லை எடுத்துப் பல்லால் கடித்து உமியைத் துப்பினான். உள்ளே சிவப்பரிசி.

"எங்க நெல்லு," என்றான்.

"நெல்லு எல்லா ஊருலயும்தான் வெளையுது," என்றார் சின்னவர்.

"கறுப்பா வெளையுறது எங்க வயல்ல மட்டும்தாங்க."

அவன் சத்தம் போடவில்லை. பத்து நாளாகத் தேடியது கிடைத்துவிட்ட ஆளின் நிதானத்தோடு சொன்னான். பிறகு பாயைப் பார்த்துக் கைகூப்பி, "இத அப்படியே அட்டையில எழுதிக் குடுங்க பாய். வேற ஒண்ணும் வேண்டாம்," என்றான்.

சின்னவர் பாயின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் உட்காருகிறார். குரல் இறங்கியிருந்தது.

"பாய், இந்தக் கடை நிக்கிற மனை யாரோடது?"

மன்னார்குடியில் கடை இருந்த இடமும் அதே கோயிலுக்குச் சொந்தமான மனை. தரை வாடகை. வருடா வருடம் தர்மகர்த்தா கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து என்னிடம் வந்து, என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரை வாங்குகிற அதே மாதிரிதான். நான் எழுதிவைத்திருந்த அட்டையை எடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, புது அட்டை ஒன்றில் காரணம் என்கிற இடத்தில் தன் கையால் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். தூசி.

சின்னவர் கையெழுத்துப் போட்டார். பாய் என்னிடம் திரும்பி, "கழட்டினத உறையில போட்டு அவருகிட்டக் குடுத்துடுங்க தங்கராசு," என்றார்.

கடையின் விதி அதுதானே. கழற்றியது வண்டிக்காரருக்குச் சொந்தம். பதினெட்டு வருடத்தில் அந்த விதியை நான் ஒருநாள்கூட மீறியதில்லை, அன்றும் மீறவில்லை. தாளை மடித்து, ஒரு மணி சிந்தாமல் உறையில் சரித்து, வாயை ஒட்டி, வீரையன் பார்த்துக்கொண்டிருக்க, என் கையால் கொடுத்தேன். ஆறு குடும்பத்தின் நிலம் அந்த உறைக்குள் இருந்தது. சின்னவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போகும்போது வீரையனைப் பார்த்து, "சரி, பொழச்சுப் போ," என்றார். அவர் கொடுத்த மன்னிப்பாம்.

வீரையன் வேலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். பிறகு கடைக்கு வரவே இல்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் என் வீட்டுக்கு வந்தான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "தாசில்தார் கேட்டா பாத்ததச் சொல்லுங்கண்ணே. எனக்காகப் பேச வேண்டாம். பாத்தத மட்டும்," என்றான். அதற்கு நான் சொன்ன பதிலை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. பாயைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவன் சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் பாயைக் கேட்கவும் இல்லை, விசாரணைக்குப் போகவும் இல்லை. பயந்துவிட்டேன். இதற்கு நானும் வேறு பெயர் வைத்து எழுதினால் பாய்க்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

குவியலைத் தொட்டது குத்தகைக்காரர்கள்தான் என்று முடிவாயிற்று. நிலம் போயிற்று. ஆறு குடும்பமும் ஒவ்வொன்றாகத் திருப்பூர்ப் பக்கம் போனார்கள். வீரையனின் அப்பா மட்டும் போகமாட்டேன் என்று ஊரிலேயே இருந்து, மறுவருடம் செத்துப்போனார். அந்த வயலில் இப்போது இறால் குட்டை இருக்கிறது. அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாயிடம் ஒரே ஒருதரம் கேட்டேன். ஏன் பாய் அப்படி எழுதினீர்கள் என்றேன். கடையில் ஏழு பேரின் வயிறு இருக்கிறதே என்றார். அவர் சொன்னதில் என் வயிறும் ஒன்று.  அதன் பிறகும் பல வருடம் அதே கடையில், அதே மஞ்சள் அட்டையில், இளைஞர்களுக்கு நேர்மையைப் பற்றி நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். பாய் இறந்து நாளாயிற்று. நல்ல மனிதர் என்று ஊர் சொல்கிறது, நானும் சொல்வேன். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் அவரோடு மண்ணுக்குப் போகவில்லை. என் மேல் இருக்கிற கோபமும் அப்படித்தான்.

செயலாளர் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்குச் சின்னவரை அழைத்தே ஆகவேண்டிய நிர்பந்தம் இருந்திருக்கலாம். மண்டபம் அவர் கொடுத்திருப்பார். நம் சங்கத்திலும் பல பேரின் வயிறு இருக்கிறது, எனக்குப் புரிகிறது. புரிந்து புரிந்துதான் இந்த லட்சணத்தில் இருக்கிறோம். இதைப் போடுவதென்றால் முழுதாகப் போடுங்கள். இடமில்லை, பக்கம் அதிகமாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடுவீர்களானால், நகலெடுத்து மண்டப வாசலில் நானே நின்று கொடுப்பேன். எனக்கு எழுபது வயதாகிறது, வாடகை மனையும் இல்லை.

இதை அனுப்புவதற்கு முன் வீரையனிடம் கேட்க வேண்டும் என்று பட்டது. நம்பர் தேடிப் பிடிக்க நான்கு நாள் ஆயிற்று. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மிஷின் மெக்கானிக்காக இருந்து, இப்போது அவனும் வீட்டில்தான் இருக்கிறான். என் குரலைக் கேட்டதும், "சொல்லுங்கண்ணே," என்றான், நேற்று பேசிவிட்டு வைத்த மாதிரி. தொலைபேசியிலேயே முழுவதும் படித்துக் காட்டினேன்.   திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"எர்த் எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதலியேண்ணே."

 எர்த் சரியாக இருந்தது என்று அப்போது ஒரு வரிதான் எழுதியிருந்தேன்.

"நீங்க பக்கத்துல இருந்த ஆளுங்ககிட்ட நாப்பதுன்னு சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு. தூசின்னு எழுதுனதால, நான் சரியா மூடாம வச்சுட்டேன்னுதான் அப்புறம் எல்லாக் கடையிலயும் சொன்னாங்க. மன்னார்குடியில எவனும் வேலை குடுக்கல. என் வேலையில தப்பில்லன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு தாள்லகூட இல்லண்ணே."

மேலே எர்த்தைப் பற்றி இருக்கிற பத்தியை அதற்குப் பிறகுதான் சேர்த்தேன். நிலம் போனதுதான் அவனுக்குச் செய்த துரோகம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவன் கைத்தொழிலையும் அந்த ஒரு வார்த்தையால் பிடுங்கியிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்துகொள்ள நான் ஒருநாளும் முயன்றதில்லை.

பாய் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்ட அட்டை என்ன ஆயிற்று என்று தெரியாது. என்னிடம் எழுதாத பழைய அட்டை ஒன்று இருந்தது. அதை எடுத்து இன்று காலை நிரப்பினேன். கட்டுரையோடு அதையும் அனுப்புகிறேன், கடைசிப் பக்கத்தில் அப்படியே அச்சடியுங்கள்.

குறை: பாட்டு பாதியில் நிற்கிறது. பொருத்தியவர்: வீரையன். எர்த்: சுத்தம், நாற்பது மில்லிவோல்ட். பொருத்தின வேலையில் பிழை எதுவும் இல்லை. வண்டிக்காரர் சொன்னது: ஆளைத் தவிர எதையும் ஏற்றவில்லை. வண்டியில் ஏற்றியது: ஆறு குடும்பத்தின் நெல். காரணம்: ஆம்ப்ளிஃபயருக்குள் கருநெல், அரைக் கைப்பிடி. பழுது பார்த்தவர்: தங்கராசு.

வண்டிக்காரர் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மலரை வெளியிட மேடைக்கு வரும்போது அவரே போட்டுவிடட்டும்.